பதினாலாம் தேதி வண்டி

நிமிஷம் சார் பிராக் நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறார் என்ற செய்தியை டிப்போவில் முதலில் யாரும் நம்பவில்லை. அவர் வண்டிகளை அனுப்புகிறவர், போகிறவர் அல்ல. இருபத்தொன்பது வருடமாக டைம்கீப்பர் கூண்டுக்குள் உட்கார்ந்து, நாளொன்றுக்கு நூற்று அறுபது பஸ்களுக்குப் புறப்படும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற மனிதர். ‘ஒரு நிமிஷம் லேட்டு’ என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத டிரைவர் அங்கே கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர். அவர் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் லீவு எடுத்தது இரண்டே தடவை. ஒன்று கல்யாணத்துக்கு, இன்னொன்று குடல்வால் ஆபரேஷனுக்கு. இரண்டும் முடிந்து பல காலமாகிவிட்டது.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போதே வீட்டுச் சாப்பாட்டு மேஜை போய்விட்டது. அதன் மேல் டிப்போ சார்ட் தாள்கள் நாலைந்தை ஒட்டுப் போட்டு விரித்துவிட்டார். இடது ஓரத்தில் நேரம், நடுவில் இடம், வலது ஓரத்தில் குறிப்பு. நாளுக்கு ஒரு பக்கம். பதினாலாம் தேதிப் பக்கம் மாலையில் வீட்டைப் பூட்டுவதில் தொடங்கி, ‘0.25 – விமானம்’ என்ற கடைசி வரியோடு முடிந்தது. பதினைந்தாம் தேதிப் பக்கத்தில் காலை போய் இறங்குவது, பெட்டிக்காகக் காத்திருக்க இருபது நிமிடம், கழிப்பறைக்கு ஏழு நிமிடம், டிராம் பிடிக்க நடக்கிற தூரம், ஓட்டல் வாசல் எல்லாம் இருந்தன. அவரும் மனைவியும் சுவரோரத்து ஸ்டூலில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

“கழிப்பறைக்கு ஏழு நிமிஷம் போதுமான்னு எப்படிங்க இப்பவே தெரியும்?” என்று மனைவி கேட்டாள்.

“வரிசை இருக்கும்னு வெச்சுத்தான் ஏழு. இல்லேன்னா நாலு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. இந்தச் சார்ட் எதற்காக இவ்வளவு நீளமாகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அவருடைய அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாங்குக்குப் போய், கதவு திறக்கும் என்று வாசற்படியில் மாலை வரை உட்கார்ந்திருந்தார். ஆரம்பம் அதுதான். பிறகு தெரு மறந்தது, சாப்பிட்டது மறந்தது, கடைசியில் ஆட்களும் மறந்துபோனார்கள். இப்போது ஆறு வருடமாகப் படுக்கை. நிமிஷம் சார் வாராவாரம் போய் அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டு வருவார். அண்ணன் கன்னத்தைக் காட்டிக்கொண்டே, “தம்பி நல்லா வேலை பண்றீங்க, எந்தக் கடை?” என்று கேட்பார். இவரும் ஏதோ ஒரு கடையின் பெயரைச் சொல்வார்.

நிமிஷம் சாருக்கு இப்போது ஐம்பத்தேழு. போன நாலு மாதத்தில் மூன்று விஷயங்கள் நடந்துவிட்டன. மூன்றாம் மாடியில் குடியிருக்கிற அவர் நாலாம் மாடிக்கு ஏறி, அடுத்தவர் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். இருபது வருடம் பழகிய டிரைவரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு கீழே இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் பாட்டரி தீர்ந்த சுவர்க் கடிகாரத்தைப் பற்றி அரை மணி நேரத்தில் மூன்று தடவை மனைவியிடம் சொன்னார். மூன்றாம் தடவை அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. பேச்சை நிறுத்தி, ஷூவுக்கு பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் பரிசோதனை செய்துவிடலாம் என்றார். இவர்தான் தேதி கொடுத்தார், இருபத்திரண்டு. ஊரிலிருந்து திரும்பி நாலாவது நாள்.

“முன்னாடியே பாத்துட்டா என்னங்க?” என்று அவள் கேட்டதற்கு, அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பத்திரிகைத் துண்டை விரலால் தட்டினார்.

“ரிப்போர்ட் வந்த பிறகு நான் எதைப் பாத்தாலும், இது நிக்குமா நிக்காதான்னுதான் பாப்பேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை சும்மா பாத்துடறேனே.”

அந்தத் துண்டு பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து கத்தரித்தது. பிராக் நகரத்தின் நடுவே ஒரு கோபுரச் சுவரில் பதித்த கடிகாரம். அறுநூறு வருடத்துப் பழசு. மணி அடிக்கும்போது மேலே இரண்டு ஜன்னல்கள் திறந்து பொம்மைகள் வரிசையாகப் போகும். அதற்கு இரண்டு மூன்று வளையங்கள். அவற்றில் ஒன்று இந்தக் காலத்து மணியைக் காட்டாது, சூரியன் மறைந்த நேரத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு நாள் என்பது அந்தியில் பிறந்ததாம். “அறுநூறு வருஷம் சர்வீஸ். நடுவுல பிரேக்டவுன் ஆகியிருக்கு, ரிப்பேர் பண்ணியிருக்காங்க. ஆனா இன்னும் லைன்லதான் இருக்கு” என்று டைம்கீப்பர் அதைப் பற்றிச் சொல்லும்போது, சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

டிக்கெட்டை அவரே போட்டார். ஏஜெண்டிடம் போகலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசி முடித்துப் பல வருடங்களாயிற்று. ஆகவே கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுக்கவும் வேறு ஆள் இல்லை. “தினம் நூத்தி அறுபது பஸ்ஸை அனுப்பறவனுக்கு ரெண்டே ரெண்டு ஆளை அனுப்பத் தெரியாதா?” என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுத்து முடித்தார். டிக்கெட்டை மூன்று பிரதி எடுத்து ஒன்றை வீட்டிலும், ஒன்றை டிப்போ டிராயரிலும், ஒன்றை அவள் கைப்பையிலும் வைத்தார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, தட்டில் அடுக்கி, துணியில் சுற்றி, நீராவி அடுப்பில் வேகவைத்து அனுப்புகிற அறையில் இருபத்திரண்டு வருட வேலை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு. கத்தரிக்கோல் நாலு, இடுக்கி பன்னிரண்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி டிக் போட்டால்தான் துணியைச் சுற்றலாம். ஒன்று குறைந்தால் யாரோ ஒருவர் வயிறு திறந்து கிடக்கும்போது தேட வேண்டியிருக்கும். அங்கே அவளுக்கு லிஸ்ட் அக்கா என்று பெயர். வீட்டுக் கட்டிலின் மேல் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, காலுறை ஆறு, மாத்திரை இருபது, சட்டை நாலு என்று அவளும் ஒரு பட்டியல் போட்டாள். டிக் போடாத எதுவும் பெட்டிக்குள் போகவில்லை.

ஒத்திகையும் நடந்தது. ஒரு சனிக்கிழமை மாலை டிப்போ மைதானத்தில் இரண்டு பேரும் புது ஷூ போட்டுக்கொண்டு, காலிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, வரிசையாக நின்ற பஸ்களுக்கு நடுவே எட்டுச் சுற்று நடந்தார்கள். டிராம் நிறுத்தத்திலிருந்து ஓட்டலுக்கு அவ்வளவு தூரமாம். மெக்கானிக்குகள் டயர் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். எல்லோரும் கிரீஸ் என்று கூப்பிடுகிற ஃபோர்மன் கைதட்டி, “மேடம் ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்துட்டாங்க சார், மெமோ குடுங்க” என்றார். அவள் குதிகால் உரிந்துவிட்டது. பட்டியலில் பிளாஸ்திரி சேர்ந்தது.

அவள் பட்டியலில் எழுதாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. அந்த ஊரில் அவர் கூட்டத்தில் எங்காவது விலகிப் போய்விட்டால்? பாஷை தெரியாது. நின்ற இடத்தில் நிற்பாரா, நடந்துகொண்டே இருப்பாரா? இதை நினைத்தால் வேலை நடுவில் கூட எண்ணிக்கை விட்டுப்போய், தட்டை முதலிலிருந்து எண்ணுவாள். ஒரு சின்ன அட்டையில் அவர் பெயர், ஓட்டல் விலாசம், தன் போன் நம்பர் எழுதி, அவர் இல்லாத நேரம் பார்த்து அவருடைய கோட்டின் உள்பக்க பாக்கெட்டில் வைத்துத் தைத்துவிட்டாள். கருவித் தட்டுக்கெல்லாம் இப்படி அட்டை வைப்பது அவளுக்கு வழக்கம்தான். ஆனால் புருஷனுக்கு வைக்கும்போது ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

மறுநாளே அவர் கண்டுபிடித்துவிட்டார். அவள் அடுப்படியில் இருந்தபோது கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பாக்கெட்டைத் திருப்பி, அட்டையை முழுக்கப் படித்தார். அவள் முட்டை வெந்துகொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தையல் கெட்டியா இருக்கு” என்றார் அவர்.

“ஏங்க, சும்மா ஒரு...”

“உன் கோட்டுலயும் ஒண்ணு வை. நீயும்தான் தொலையலாம்.”

அன்று மாலை அவள் தன் கோட்டுக்கான அட்டையை எழுதினாள். அதில் அவர் போன் நம்பரை எழுதியபோது கண் நிறைந்துவிட்டது. அழுதுவிட்டுத்தான் தைத்தாள்.

இப்படியாகப் பதின்மூன்றாம் தேதி வந்தது. பயணத்துக்கு இன்னும் ஒரு நாள். அவருக்கு அன்று கடைசி டூட்டி, அவளுக்கும் அப்படித்தான். மத்தியானம் மூன்றரைக்கு அவள் தன் அறையில் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நீராவி அடுப்புகள் இரண்டும் உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தன. முந்தைய இரவு எடுத்த கட்டுகளில் ஒரு வரிசை உதைத்தது. அடுப்பிலிருந்து எடுத்த நேரம் பன்னிரண்டு இருபது என்று பதிவேட்டில் இருந்தது. கட்டுகளின் மேல் குத்திய முத்திரையிலோ பன்னிரண்டாம் தேதி.

இரவு டூட்டி பார்த்தவள் அவள் வயதுக்காரி. தடித்த கண்ணாடி போடுகிறவள். சம்பளச் சீட்டு வாங்க வந்தவள் அங்கேயே நின்றிருந்தாள். லிஸ்ட் அக்கா கூப்பிட்டுக் காட்டினாள்.

“நான் வந்தது பன்னெண்டாம் தேதி டூட்டிக்குத்தானேக்கா? அதே டூட்டியிலதானே எடுத்தேன்? அப்ப அதே தேதிதானே?” என்றாள் கண்ணாடிக்காரி.

“டூட்டி எந்தத் தேதியா வேணா இருக்கட்டும். மணி பன்னெண்டைத் தாண்டிட்டா தேதி மாறிடும். பன்னெண்டு இருபதுன்னா அது பதிமூணு. உனக்கு ராத்திரி முடியலேங்கறதுக்காக நாள் காத்துக்கிட்டிருக்குமா?”

சொல்லி முடித்த பிறகும் அவள் கை முத்திரைக் கட்டை மேலேயே இருந்தது. பன்னிரண்டு இருபது. பன்னிரண்டு இருபத்தைந்து. பதினாலாம் தேதிப் பக்கத்தின் கடைசி வரி.

கைப்பையிலிருந்து டிக்கெட் பிரதியை எடுத்தாள். தேதி பதினாலு. நேரம் 0.25.  விமானம் நாளை ராத்திரி அல்ல, இன்று ராத்திரி. மணி மூன்று நாற்பது. விமான நிலையத்துக்குப் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும், மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். பெட்டியில் பாதிதான் இருக்கிறது. சட்டை நாலும் கொடியில் ஈரத்தோடு தொங்குகின்றன.

கண்ணாடிக்காரி, “என்னக்கா, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?” என்று கேட்டாள். அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பதிவேட்டை மூடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

டிப்போவுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அவள் யோசித்தது விமானத்தைப் பற்றி அல்ல. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான். சொன்ன நிமிடமே அவர் பாங்க் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அண்ணனைத்தான் பார்ப்பார். சொல்லாமல் விட்டுவிடலாமா? நாளை விமான நிலையத்தில் போய் நின்று, ஆள் நடுவில் தெரிந்துகொள்வது இதைவிடக் கொடுமை இல்லையா? விமானக் கம்பெனி நேரத்தை மாற்றிவிட்டது என்று சொல்லலாம். பொய்தான். சொல்லிவிட்டுப் போனால் போகிறது என்று முடிவு செய்தாள்.

டைம்கீப்பர் கூண்டு நாலு பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை. நிமிஷம் சார் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். நாளையிலிருந்து அவர் இடத்தில் உட்காரப் போகிறவர் பக்கத்து நாற்காலியில் பொறுப்பு வாங்கிக்கொண்டிருந்தார். வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றிக்கொள்வதால் அவரை மஃப்ளர் என்பார்கள். அவளைப் பார்த்ததும் நிமிஷம் சார் எழுந்தார். வேலை நேரத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை.

“அண்ணனுக்கு ஏதாவதா?”

“இல்லங்க. விமானக் கம்பெனிக்காரங்க நேரத்தை மாத்திட்டாங்களாம். இன்னைக்கே போகணுமாம்.”

“யாரு சொன்னா?”

“போன் வந்துது.”

“எத்தனை மணிக்கு வந்துது? பழைய நேரம் என்ன, புது நேரம் என்ன?”

பொய் சொல்கிறவர்களுக்கு டைம்கீப்பரைப்போல ஒரு எமன் கிடையாது. இருபத்தொன்பது வருடமாக டிரைவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டுப் பழுத்த காது. அவள் இரண்டு வார்த்தை சொல்லி மூன்றாவதில் திக்கினாள். அவர் டிராயரைத் திறந்து டிக்கெட் பிரதியை எடுத்தார். நேரத்தின் மேல் விரலை வைத்தார். விரல் நகர்ந்து தேதிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

வெளியே ஒரு பஸ் கையெழுத்துக்காக ஹாரன் அடித்தது. அவர் நிமிராமலே சீட்டை வாங்கி, ‘4.38’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு பிசகும் இல்லை. பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அண்ணனும் மொதல்ல தேதியத்தான் விட்டாரு.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க.”

“மூணு வாரம் மேஜையிலயே கெடந்த பேப்பர். தினம் பாத்தேன். கண்ணு பாத்துது, மண்டையில ஏறல.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “நீ வீட்டுக்குப் போ. எங்கயும் போக வேண்டாம். நாளைக்கே டாக்டரைப் பாத்துடலாம். இருபத்திரெண்டு வரைக்கும் எதுக்கு?”

மஃப்ளர் ஏதும் புரியாமல் பதிவேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். சுவரில் மறுநாள் சார்ட் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பெரிதாகப் பதினாலு என்று தேதி. முதல் வண்டி காலை 4.10. கீழே, கடைசிக்கு முந்தைய வரியில், ஏதோ ஒரு வண்டிக்கு 0.25.

அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். கண்ணாடிக்காரி கேட்ட கேள்வி காதில் ஒலித்தது. அதே டூட்டியிலதானே, அப்ப அதே தேதிதானே?

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன்” என்று மஃப்ளரிடம் திரும்பினாள். “பதினாலாம் தேதி பன்னெண்டு இருபத்தஞ்சு வண்டி எப்ப கெளம்பும்?”

“நாளைக்கு ராத்திரிம்மா” என்றார் மஃப்ளர், தலையைத் தூக்காமலே. “இன்னைக்கு ராத்திரி போறது பதிமூணாம் தேதி வண்டி.”

ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு அடுத்த டிரைவர் நின்றிருந்தார். அவரிடமும் கேட்டாள். அவர் இதென்ன கேள்வி என்பதுபோல, “நாளைக்குத்தாங்க. ஏன், இன்னைக்கு வண்டிய நாளைக்கு எழுதிட்டாங்களா?” என்றார். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த கிரீஸை அவள் வாசலில் நின்று கூப்பிட்டுக் கேட்டாள். அவரும் அதையே சொன்னார். கடைசி வண்டி உள்ளே வந்து கேட்டைச் சாத்துகிற வரைக்கும் ஒரே தேதிதான், அது என்றைக்குமே அப்படித்தான் என்று விளக்கமும் கொடுத்தார்.

அவள் கூண்டுக்குள் திரும்பி வந்து அவர் எதிரே நின்றாள்.

“கேட்டுக்கிட்டீங்களா? மூணு பேரு. மூணு பேருக்கும் மறதியா?”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நீங்க தேதிய மறக்கலங்க. டிப்போ தேதியப் போட்டுட்டீங்க. இருபத்தொம்பது வருஷமா விடியறவரைக்கும் ஒரே நாள்னு எழுதினவருக்கு, விமானத்துக்கு மட்டும் வேற மாதிரி எழுத வருமா? இது மறதி இல்ல, டூட்டி.”

அவர் சுவர்ச் சார்ட்டைப் பார்த்தார். டிக்கெட்டைப் பார்த்தார். மறுபடி சார்ட்டைப் பார்த்தார். 

“அப்ப நீ எப்படிக் கண்டுபிடிச்சே?”

“எங்க ரூம்ல பன்னெண்டு அடிச்சா தேதி மாறிடும்.”

மஃப்ளர்தான் முதலில் சிரித்தார். பிறகு நிமிஷம் சாரின் உதட்டோரமும் அசைந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது, ஆனால் அவளுக்கு அதுவே தெம்பாக இருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உடனே ஆள் மாறிவிட்டார்.

“ஏழு இருபது ஏர்போர்ட் வண்டி யாரு?”

“ஒல்லி டிரைவர்தான் சார். ஆபீஸ் ஜீப்பை எடுக்கச் சொல்லட்டுமா?” என்றார் மஃப்ளர்.

“ஜீப் எல்லாம் வேணாம். லைன் வண்டியிலயே போறோம். ஒரு நிமிஷம் லேட்டாக்கினா வந்து மெமோ குடுப்பேன்னு சொல்லு.”

வீட்டில் அடுத்த ஒன்றரை மணி நேரம் நடந்ததை முறையாகச் சொல்ல முடியாது. ஈரச் சட்டைகளை இஸ்திரிப் பெட்டியால் அவர் காயவைத்தார். ஒரு சட்டையின் காலர் தீய்ந்து பழுப்பாகிவிட்டது. அவள் பட்டியலைத் தேடினாள், கிடைத்தது, ஆனால் டிக் போட நேரமில்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் பெட்டிக்குள் போட்டு, முழங்காலை வைத்து அமுக்கி மூடினாள். இருந்த ரொட்டியையும் வெந்த முட்டைகளையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டாள். பாலைக் கீழ்வீட்டில் கொடுத்தாள். மேஜை மேல் விரித்திருந்த சார்ட்டை அவர் மடிக்கப் போனவர், நின்றுவிட்டார்.

“பதினாலாம் தேதி காலையில போய் எறங்கறோம். ஓட்டல் பதினஞ்சுலேர்ந்துதான். அந்த ஒரு நாள் இதுல இல்லவே இல்லை.”

“இல்லேன்னா போகட்டும். அங்க போயிப் பாத்துக்கலாம்.”

“என்னத்தைப் பாத்துக்கறது? ராத்திரி எங்க படுக்கறது?”

“அந்த ஊர்ல ஒரு ரூம் கெடைக்காமலா போயிடும்? மணியப் பாருங்க.”

சொன்னாளே தவிர, அவளுக்கும் அது புதுசுதான். எழுதாத நாள் ஒன்றை இரண்டு பேரும் தங்கள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஏழு இருபதுக்கு பஸ் புறப்பட்டது. கூண்டு ஜன்னலில் மஃப்ளர் சீட்டில் நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கையை உயர்த்திக் காட்டினார். இத்தனை வருடமாக உள்ளேயிருந்து பார்த்த ஜன்னலை நிமிஷம் சார் வெளியிலிருந்து பார்த்தார். பெட்டிகள் முன்னால் கம்பியோரம் கிடந்தன. இருவரும் மூன்றாவது இருக்கையில், கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“வீட்டைப் பூட்டினியா?” என்று அவர் கேட்டார்.

“பூட்டிட்டேங்க.”

பாலம் தாண்டியது. மீன் மார்க்கெட் தாண்டியது. வேலை முடிந்து வருகிறவர்கள் ஏறி, பஸ் நிறைந்தது.

“வீட்டைப் பூட்டினியா?”

 இதற்கு டிப்போ பொறுப்பல்ல. இதை எந்தச் சார்ட்டைக் காட்டியும் சரிக்கட்ட முடியாது. முதல் தடவை சொன்ன அதே குரலில், “பூட்டிட்டேங்க” என்றாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். பூட்டினோமா? பெட்டியை வெளியே வைத்தது ஞாபகம் இருக்கிறது. விளக்கை அணைத்தது இருக்கிறது. மாடிப்படியில் பெட்டி இடித்தது இருக்கிறது. நடுவில் பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எத்தனை தேடியும் இல்லை. 

“ஏங்க” என்றாள். “எனக்குத் தெரியலங்க. பூட்டினேனான்னு நெஜமாவே தெரியல.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த பயம் அவருக்கு நன்றாகத் தெரிந்த பயம். நாலு மாதமாகத் தினமும் கண்ணாடியில் பார்ப்பது. அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். அதில்தான் இப்போதெல்லாம் எல்லாவற்றையும் குறித்துவைக்கிறார். பக்கத்தைத் திருப்பினார்.

‘6.52. வீடு பூட்டியது. நான்தான் பூட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.’

அவருடைய கையெழுத்துதான். ஆனால் அதை எழுதினது அவருக்கு நினைவில்லை என்பதை, படிக்கும்போது அவர் உதடு அசைந்த விதத்திலேயே அவள் தெரிந்துகொண்டாள். அவரும் மறைக்கவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“எழுதியிருக்கேன்” என்றார்.

“எழுதியிருக்கீங்கல்ல. அது போதும்.”

“எனக்கு எழுத மறந்துட்டா?”

அவள் அவர் மடியிலிருந்த நோட்டை எடுத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்தாள். புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, பஸ் குலுங்காத நேரம் பார்த்து எழுதத் தொடங்கினாள். ‘புறப்பாடு 7.20. ஆட்கள் இரண்டு. பெட்டி இரண்டு.’ மேலே தேதி போடப் போனவள் நிறுத்தினாள்.

“எந்தத் தேதிங்க போடறது? ஒங்க தேதியா, எங்க தேதியா?”

அவர் ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தார். சரக்குக் கிட்டங்கிகளின் கூரைகளுக்குப் பின்னால் சூரியன் முழுசாக இறங்கிவிட்டிருந்தது. கொஞ்சம் சிவப்பு மட்டும் மிச்சம்.

“பதினாலு போடு” என்றார்.

“இன்னும் பன்னெண்டு அடிக்கலையே.”

“அந்த ஊர்க் கடிகாரத்துல சூரியன் எறங்கிட்டா மறுநாள்.” ஒரு எழுத்துப் பிசகாமல், நேற்றுப் படித்தவர்போலச் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கத்தரித்த துண்டு.

அவள் பதினாலு என்று எழுதினாள். அவர் நோட்டை வாங்கி, அவள் எழுதியதை வரி வரியாகப் படித்துப் பார்த்து, கீழே கையெழுத்துப் போட்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.